தொண்டினை அளக்கும் கோல் எது?

கூலிக்குச் செய்யும் வேலைக்கு அளவுகோல் தேடி அலைய வேண்டுவதில்லை. நாட்கூலிக்கு நாள், அச்சுக்கோப்பவருக்குப் பக்கம், ஆசிரியருக்குப் பாடவேளை என்று ஏதோ ஒன்றை வகுத்து வைத்திருக்கிறார்கள். காசு வாங்காமல் செய்யும் தொண்டுக்கு அளவு எது? அளக்கத்தான் வேண்டுமா? அளந்து பரிசு கொடுத்தால் தொண்டு வளருமா, தேயுமா? கோயில் திருப்பணியிலும் வாசகசாலை நிருவாகத்திலும் எழுந்த பழைய கேள்விகள்தாம் இவை. ஆயினும் முகமறியாதார் பலர் இணையத்திலே கூடி ஒரு நூலை எழுதத் தொடங்கிய பின்னர், இவை முறையான ஆராய்ச்சிக்கு உரியனவாகிவிட்டன. ஏனெனில், அங்கே ஒவ்வொருவரும் சேர்த்ததும் நீக்கியதும் நாளும் நேரமும் குறித்துப் பதிவாகிக் கிடக்கின்றன. கணக்கெடுக்க விரும்புவோர்க்கு இதனினும் வாய்ப்பான களம் வேறில்லை.

விக்கிப்பீடியாவை அறியாத தமிழாசிரியர் இன்று இரார். 2001ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் ஆகிய இருவரும் ஆங்கிலத்தில் தொடங்கிய இக்கலைக்களஞ்சியம், 2003இல் தமிழிலும் கால்கொண்டது. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் தமிழ்ப் பதிப்புக்கு அடித்தளம் இட்டவர். இங்கே எவரும் எழுதலாம்; எவரும் திருத்தலாம். ஒரு கட்டுரையைத் திறந்து ஏதேனும் மாற்றிச் சேமித்தால் அது ஒரு ‘தொகுப்பு’ எனப்படும். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அக்கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் நிற்கும். ஒவ்வொரு பயனர் பெயரின்மேலும் அவர் செய்த தொகுப்புகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். அந்த எண்ணிக்கைதான் தொண்டினை அளக்க எழுந்த முதற்கோல்.

இதற்கு மூத்த உறவொன்று ஆங்கில அகராதி வரலாற்றில் உண்டு. 1879இல் ஆக்ஸ்போர்டு அகராதியின் பதிப்பாசிரியப் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் மரே, நூல்களைப் படித்துச் சொல்லாட்சிகளைச் சீட்டுகளில் எழுதி அனுப்புமாறு பொதுமக்களை வேண்டினார். சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன. தாமஸ் ஆஸ்டின் என்பவர் 1,65,000 மேற்கோள்களை அனுப்பினார். வில்லியம் டக்ளஸ் 1,36,000 அனுப்பினார். இவ்வெண்களைக் குறித்துவைத்து நன்றியுரையில் அச்சிட்டதே அவர்களுக்குக் கிடைத்த பரிசு. ஆனால் வில்லியம் மைனர் என்னும் அமெரிக்கப் படைமருத்துவரை மரே பாராட்டியது வேறு காரணத்துக்காக. மனநோயர் இல்லத்தில் அடைபட்டிருந்த அவர், தாம் படித்த நூல்களுக்கெல்லாம் சொல்லடைவு எழுதி வைத்துக்கொண்டார். அப்போது எந்தச் சொல்லைப் பதிப்பித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டறிந்து, அச்சொல்லுக்குரிய மேற்கோளை மட்டும் எடுத்தனுப்பினார். சீட்டுகளை எண்ணுபவர்க்கு ஆஸ்டின் பெரியவர். மேசையில் அமர்ந்து அகராதி எழுதுபவர்க்கு மைனரும் பெரியவர். இந்த வேறுபாட்டை நினைவிற் கொண்டு இணையத்துக்குத் திரும்புவோம்.

தொகுப்பு எண்ணிக்கையின் குறை எத்தகையது என்பதற்கு என் கணக்கையே சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தமிழ் விக்கிப்பீடியாவில் வேண்டாத இடத்தில் மிகுந்தும் வேண்டிய இடத்தில் விடுபட்டும் கிடந்த ஒற்றுகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன். இரண்டு மணி நேரத்தில் ஐம்பத்துமூன்று தொகுப்புகள் ஆயின. பின்னொருமுறை, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுத மூன்று வாரம் நூலகத்துக்கு நடந்தேன். அது ஒரு தொகுப்பு. ஒற்றுத் திருத்தம் இழிந்த வேலை என்று நான் சொல்லவில்லை. தமிழாசிரியர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார். இரண்டையும் ஒரே முழக்கோலால் அளந்தால் பத்தி எழுதினவர் சோம்பேறியாகத் தோன்றுவார் என்பதே என் கருத்து.

இந்தக் கோளாறு விக்கிப்பீடியாவை நிறுவியவரையே மயக்கியது. ஆங்கில விக்கிப்பீடியாவை உண்மையில் எழுதுகிறவர் யார் என்று ஜிம்மி வேல்ஸ் கணக்கெடுத்துப் பார்த்தார். பயனர்களில் 0.7 விழுக்காட்டினரான 524 பேரே பாதிக்கு மேற்பட்ட தொகுப்புகளைச் செய்திருந்தனர். ஆகவே, ஊர்கூடித் தேர் இழுப்பதாகத் தோன்றினாலும் வடம் பிடிப்பவர் சிலரே என்பது அவர் கொண்ட முடிபு. 2006இல் ஆரன் சுவார்ட்ஸ் என்னும் பத்தொன்பது வயது அமெரிக்க இளைஞர் இதை ஐயுற்றார். தொகுப்புகளை எண்ணாமல், கட்டுரையின் இறுதி வடிவத்தில் யார் எழுதிய எழுத்துகள் எத்தனை நிலைத்து நிற்கின்றன என்று எண்ணினார். ஆலன் ஆல்டா என்னும் நடிகரைப் பற்றிய கட்டுரையை எடுத்துக்கொண்டார். தொகுப்புக் கணக்கில் முதற் பத்துப் பேரில் ஏழு பேர் பதிவு செய்துகொண்ட பயனர். அவர்களிற் பெரும்பாலோர் ஆயிரக்கணக்கில் தொகுத்துப் பழகியவர். எழுத்துக் கணக்கில் பார்த்தால் படம் தலைகீழாயிற்று. முதற் பத்துப் பேரில் இருவரே பதிவு செய்தவர். அறுவர் விக்கிப்பீடியா முழுவதிலும் இருபத்தைந்து தொகுப்புகூடச் செய்யாதவர். ஒருவர் வாழ்நாளில் ஒரே முறை வந்து, அக்கட்டுரையில் ஒரு பகுதியை எழுதிவிட்டுப் போனவர்! வழிப்போக்கர் பொருளைக் கொண்டுவந்து கொட்டுகிறார். வீட்டிலிருப்பவர் அதை அடுக்கித் துடைத்து வைக்கிறார். வேல்ஸ் எண்ணியது துடைப்பவரை. சுவார்ட்ஸ் எண்ணியது கொணர்பவரை.

இத்துடன் வழக்கு முடிந்துவிட்டது என்று பலர் எண்ணினர். மறு ஆண்டே, 2007இல், மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தார் மூன்றாவது கோலொன்றை எடுத்தனர். ஒருவர் எழுதிய சொல் அழிபடாமல் நின்ற காலத்தில் எத்தனை முறை வாசகர் கண்ணிற் பட்டது என்பதே அவர்தம் அளவு. அஃதாவது, எழுதிய சொல்லை மட்டுமன்று, படிக்கப்பட்ட சொல்லையும் எண்ணினர். இப்படி அளந்தபோது, தொகுப்போரில் ஆயிரத்துக்கு ஒருவராக அமைந்த சிறு குழுவே ஏறத்தாழப் பாதிப் பயனை விளைத்தது எனத் தெரிந்தது. வேல்ஸ் சொன்னது வேறு வழியாகத் திரும்பி வந்தது. சுவார்ட்ஸ் பிழை செய்தார் என்பதில்லை. அவர் எடுத்துப் பார்த்தவை சில கட்டுரைகள். இவர்கள் எடுத்தது களஞ்சியம் முழுவதும். மூன்று கோல்கள், ஒரே களஞ்சியம், உழைப்பாளி மட்டும் ஒவ்வொரு முறையும் மாறுகிறார். எனவே, ‘யார் அதிகம் உழைத்தார்?’ என்று கேட்பவரிடம் ‘எதனால் அளந்து?’ என்று திருப்பிக் கேட்பது குதர்க்கமாகாது.

தமிழில் அளக்கும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. இது நம் இலக்கண ஆசிரியர்களுக்குச் சுவையாயிருக்கும். விக்கிப்பீடியாவின் அண்மைய மாற்றங்கள் பக்கத்தில், ஒருவர் எவ்வளவு சேர்த்தார் என்பதைச் சொல்லாலோ எழுத்தாலோ அன்று, கணினியின் பைட்டுக் கணக்கால் காட்டுகிறார்கள். ‘தமிழ்’ என்னும் சொல்லுக்கு நம் கணக்கில் எழுத்து மூன்று. ஒருங்குறி முறையிலோ தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என்று அது ஐந்து குறிகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு, ஆகப் பதினைந்து. அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்து எழுத்து, பைட்டும் ஐந்துதான். ஆகவே பைட்டுக் கணக்கை மட்டும் பார்த்து இரு மொழிக் கட்டுரைகளையும் ஒப்பிட்டால், தமிழ் எழுத்தாளர் தாம் எழுதியதைக் காட்டிலும் மும்மடங்கு எழுதியவராகத் தோன்றுவார். நமக்கு ஆதாயமான பிழைதான்! எனினும் பிழை பிழையே.

அப்படியானால் தரத்தை அளப்பது எங்ஙனம்? மலாயாவில் ரப்பர்த் தோட்டங்களை அறிந்தவர்க்கு இக்கேள்வி புதிதன்று. பால்மரம் வெட்டுகிறவர் கொண்டுவரும் பாலை வாளிக் கணக்கால் மட்டும் அளந்தால், அதில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று தெரியாது. மழைநீர் விழுந்த பாலும் நல்ல பாலும் ஒன்றாகிவிடும். அதனால் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலிலிட்டு, உள்ளிருக்கும் ரப்பரின் அளவைக் கணித்தார்கள். விக்கிப்பீடியாவுக்கு அத்தகைய மெட்ரோலாக் ஒன்றைச் செய்ய முயன்றவர்கள் கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்து அட்லர், டி அல்பாரோ என்னும் இருவர். 2007இல் அவர்கள் வெளியிட்ட முறை எளிமையானது. ஒருவர் எழுதியதைப் பின்வருவோர் அழிக்காமல் விட்டால் அவர் மதிப்பு உயரும். உடனே அழித்துவிட்டால் தாழும். பின்வருகிற ஒவ்வொருவரும் தாமறியாமலே நடுவராகிவிடுகிறார். வாளியை விட்டு மிதவைக்கு வந்த நல்ல முன்னேற்றம் இது.

ஆனால் மிதவையும் ஏமாறும். பின்வருவோர் படித்துப் பார்த்து ஏற்றதால் ஒரு சொல் நிலைத்ததா, பின்வருவோரே இல்லாததால் நிலைத்ததா என்பதை அது பிரித்துக் காட்டாது. சிறிய மொழிகளின் களஞ்சியங்களில் இது பெருங்கேடாக முடியும். ஸ்காட்லாந்தில் வழங்கும் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் 2020இல் வெளிப்பட்ட செய்தியைக் கருதுக. அம்மொழியை அறியாத அமெரிக்கச் சிறுவர் ஒருவர், பன்னிரண்டு வயதில் தொடங்கிப் பல ஆண்டுகளாக இருபதாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளை அங்கே எழுதிக் குவித்திருந்தார். ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டு, அகராதியைப் பார்த்து ஆங்காங்கே சொற்களை மாற்றி, எழுத்துக்கூட்டலை வளைத்து அவர் ஆக்கிய நடை ஸ்காட்ஸ் ஆகவே இல்லை. கெடுநோக்கம் அவருக்கு இருந்ததாக யாரும் சொல்லவில்லை. மொழிக்குத் தொண்டு செய்வதாகவே அவர் நம்பினார். எண்ணிக்கையைப் பார்த்த சூழல் அவரை நிருவாகியாகவும் உயர்த்தியிருந்தது. தொகுப்புக் கணக்கில் அவர் முதல்வர். எழுத்துக் கணக்கில் முதல்வர். நிலைத்து நின்ற சொற்கணக்கிலும் முதல்வர். மொழி தெரிந்த ஒருவர் அமர்ந்து படித்த அன்றுதான் கணக்கெல்லாம் பொய்த்தது. நம் மொழிக்குப் படிப்போர் தொகை பெரிது. அத்தகைய வீழ்ச்சி நமக்கு எளிதில் நேராது. ஆயினும் நம் களஞ்சியத்தில் ஆண்டுக்கணக்காக யாரும் திறந்து பாராத கட்டுரைகள் இல்லையா?

இனிப் பரிசுக்கு வருவோம். விக்கிப்பீடியாவில் 2003ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றிய வழக்கம், ஒருவர் உழைப்பை மற்றொருவர் பாராட்டி அவர் பக்கத்தில் ஒரு நட்சத்திரப் பதக்கத்தின் படத்தை இடுவது. அமெரிக்க நாட்டுப்புறத்தில் அண்டை வீட்டார் கூடி ஒருவருக்குத் தானியக் கொட்டகை எழுப்பிக் கொடுப்பார்கள். கொட்டகைச் சுவரில் நட்சத்திர உருவம் பதிப்பதும் அங்குள்ள வழக்கம். அந்த நட்சத்திரமே இது. விலை ஒரு காசும் பெறாது. எனினும் வேலை செய்கிறதா? 2012இல் ரெஸ்டிவோ, வான் டி ரைட் என்னும் ஆய்வாளர் இருவர் சோதித்துப் பார்த்தனர். மிகுதியாக உழைக்கும் ஒரு விழுக்காட்டினரில் 200 பேரைப் பொறுக்கி, அவர்களிற் பாதிப் பேருக்குக் குலுக்கல் முறையில் பதக்கமிட்டனர். அடுத்த தொண்ணூறு நாளில், பதக்கம் பெற்றவர் பெறாதவரைக் காட்டிலும் அறுபது விழுக்காடு மிகுதியாக உழைத்தனர். குலுக்கலில் விழுந்த பதக்கம் அது என்பது பெற்றவருக்குத் தெரியாது. யாரோ ஒருவர் தம் கட்டுரைகளைப் பார்த்திருக்கிறார் என்றே அவர்கள் எண்ணியிருப்பார்கள். ஆய்வுக்காகச் செய்த சூழ்ச்சி. எனக்கு அது முழுவதும் உவப்பாக இல்லை.

அவ்விருவருமே 2014இல் வெளியிட்ட தொடர் ஆய்வு இதற்கு ஒரு வரம்பு கட்டியது. குறைவாக உழைப்போருக்கு அதே பதக்கத்தை இட்டபோது பயன் காணப்படவில்லை. செய்யாத வேலைக்குப் பாராட்டுச் சொன்னால் வாங்குகிறவருக்கே கூச்சம் வரும் போலும். புதியவர் நிலை வேறு. ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் யானா கால்லஸ் என்னும் ஆய்வாளர், நாலாயிரத்துக்கு மேற்பட்ட புதுமுகங்களை வைத்து நடத்திய ஆய்வை 2017இல் வெளியிட்டார். புதிதாக வந்து ஓரளவு எழுதியவர்களிற் சிலரைத் தேர்ந்து ஒரு சிறு விருது அறிவித்தபோது, மறு மாதமும் தங்கி எழுதியவர் தொகை ஏறத்தாழ இருபது விழுக்காடு கூடியது. அதன் தாக்கம் ஓராண்டு வரையிலும் தெரிந்தது. தொண்டர் குழுக்களில் வந்தவர் தங்காமல் போவதே பெருங்குறை என்பது சங்கம் நடத்தியவர்க்கெல்லாம் தெரியும். அவ்விடத்தில் இம்மருந்து பலிக்கிறது.

பரிசு கைதேர்ந்த நபர் கண்ணிலிருந்து வராமல், எண்ணிக்கை எட்டியவுடன் பொறியிலிருந்து தானே விழுமானால் என்ன ஆகும்? கணினி நிரலாளர் ஒருவருக்கொருவர் ஐயம் தீர்த்துக்கொள்ளும் ஸ்டாக் ஓவர்புளோ என்னும் தளம் 2008இல் தொடங்கப்பட்டது. அங்கே நல்ல விடைக்கு மற்றவர் வாக்களித்தால் பத்துப் புள்ளி. புள்ளி ஏற ஏற உரிமைகளும் ஏறும். குறித்த எண்ணிக்கையைத் தொட்டால் பட்டயம். 2013இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, பட்டயத்தை நெருங்க நெருங்க மக்கள் விரைந்து உழைப்பதையும், கைக்குக் கிடைத்த மறுநாள் அவ்வேகம் அடங்குவதையும் காட்டியது. தேர்வுக்கு முந்திய வாரத்து மாணவரை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. 2020 அக்டோபரில் நடந்ததோ அதனினும் வேடிக்கை. திறமூல மென்பொருளுக்கு நான்கு திருத்தங்களை அளிப்பவருக்குச் சட்டை ஒன்று இலவசம் என்று டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் ஆண்டுதோறும் அறிவித்து வந்தது. அவ்வாண்டில் சட்டைக்காக ஓடிவந்தவர்கள், கோப்புகளில் ஒரு சொல்லைச் சேர்ப்பதும் ஒரு குறியை மாற்றுவதுமாகப் பயனற்ற திருத்தங்களைக் கொட்டினர். ஊதியமின்றி மென்பொருளைக் காத்துவந்த தொண்டர்கள் குப்பை அள்ளுவதிலேயே நாளைக் கழித்தனர். இறுதியில், விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டுமே அப்போட்டி என்று விதியை மாற்ற நேர்ந்தது.

தமிழுக்கும் இதில் பட்டறிவு உண்டு. 2009ஆம் ஆண்டளவில் கூகுள் நிறுவனம், ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையால் இந்திய மொழிகளில் ஆக்கும் வேலையைத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளருக்குக் கூலியும் கொடுத்தது. 2010இல் அந்நிறுவனம் அளித்த கணக்கின்படி, அரபு, சுவாகிலி, இந்திய மொழிகளில் சேர்ந்தவை 1 கோடியே 60 இலட்சம் சொற்களுக்கு மேல். அளவில் பெரிது, ஐயமில்லை. தமிழ்த் தொண்டர் கண்டதோ ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூட்டில் தமிழ்ச் சொற்களை மாட்டிய கட்டுரைகளை. தமிழர் தேடாத மேனாட்டுத் தலைப்புகளை. திருத்தும் சுமை காசு வாங்காதவர் தலையில் விழுந்தது. வங்காளியர் அக்கட்டுரைகளை ஏற்க மறுத்தனர். தமிழ்க் குழுவினர் அப்படித் தள்ளாமல், தலைப்பைத் தாமும் பார்த்துத் தேர்வதற்கும் பிழை களைவதற்கும் பேசி வழி தேடினர். 2010இல் போலந்து நாட்டின் கதான்ஸ்க் நகரில் கூடிய விக்கிமீடியா மாநாட்டில் இதன் நிறை குறைகளை எடுத்துரைத்தனர். எட்டாண்டு கழித்து நடந்த வேங்கைத் திட்டம் வேறு வகையில் அமைந்தது. அங்கும் பரிசு உண்டு. கட்டுரைகளின் எண்ணிக்கைப் போட்டியும் உண்டு. ஆனால் நடுவர் ஒருவர் படித்து ஏற்ற கட்டுரையே கணக்கில் ஏறும். 2018இல் பஞ்சாபி முந்தியது, தமிழ் இரண்டாவது. 2019-20இல் தமிழ் முதலிடம் கொண்டது. பரிசால் வந்த கட்டுரைகளில் நல்லன பல உண்டு. போட்டி முடிந்தபின் தங்கியவர் சிலர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

நம் பள்ளிகளில் மாணவரைக் கொண்டு இணையத்தில் எழுதச் செய்யும் ஆசிரியர்கள், ‘நூறு கட்டுரை எழுதிய பள்ளிக்குக் கோப்பை’ என்று அறிவிக்குமுன் இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நன்று. நூறு கட்டுரையைப் படிக்க எத்தனை ஆசிரியர் இருக்கிறார்கள் என்று எண்ணி, அதற்கேற்பப் போட்டியின் அளவை வைத்துக்கொள்ளலாம். பத்துக் கட்டுரைக்கு மேல் படிக்க ஆளில்லையென்றால் பத்தோடு நிறுத்தினால் என்ன?

தமிழ் விக்கிப்பீடியாவின் முதற்பக்கத்தில் பங்களிப்பாளர் அறிமுகம் என்றொரு வழக்கம் ஏற்பட்டது. ஒருவருடைய படத்தை இட்டு, அவர் எந்த ஊரினர், எத்துறையில் எழுதுகிறவர், அவர் எழுதிய குறிப்பிடத்தக்க கட்டுரைகள் எவை என்று நாலைந்து வரியிற் சொல்வார்கள். அந்த வரிகளை எழுத வேண்டுமானால் யாரேனும் ஒருவர் அவருடைய கட்டுரைகளைப் படித்திருக்க வேண்டும். மயூரநாதனுக்குக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அளித்தபோது, புலவர்க்கும் புனைகதையாளர்க்கும் வழங்கிவந்த மரியாதை கலைக்களஞ்சியத் தொண்டருக்கும் கிடைத்தது.

இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக, 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தொண்டர் உழைப்பால் இணையத்தில் ஏற்றியது. அங்கே ஒரு நூலைத் திறந்தால், செய்யுளுக்கு முன்னால் சில வரிகள் நிற்கும். மூலநூலைத் தந்தவர் இன்னார், தட்டெழுதியவர் இன்னார், பிழை திருத்தியவர் இன்னார் என்று. எத்தனை எழுத்துத் தட்டினார் என்னும் கணக்கை அவ்வரிகளில் நான் கண்டதில்லை. பெயருக்குக் கீழே நூல் இருக்கிறது. உழைப்பு எத்தகையது என்று பார்க்க விரும்புகிறவர் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.